சட்டையோடு அளந்த கை

என்னை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அவர்தான். அதற்குப் பிறகு பலர் அளந்திருக்கிறார்கள்: பெண் வீட்டார், கல்விக் கந்தோர் அதிகாரிகள், காப்புறுதிக்காரர், கடைசியாக என் மனைவி. ஒருவருடைய அளவும் அவர் சொன்னதைத் தாண்டிப் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தகரப் பெட்டியைத் தலையிலும் தோளிலும் மாற்றி மாற்றி வைத்து இரண்டு மைல் ஏறி, தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு உதவி ஆசிரியனாகப் போய்ச் சேர்ந்தேன். வழியில் மாட்டுப்பட்டி. அதன் வாசலில் காக்கிக் காற்சட்டையும் கம்பளித் தொப்பியுமாக ஓர் ஆள் நின்றார். கழுத்தில் ஒரு துணி டேப்பு தொங்கியது. டாக்டர்கள் குழாயைத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி.

"புது மாஸ்டருங்களா?"

"ஆமாங்க."

பெட்டியை வாங்கத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வளைத்துப் பிடித்தார். விரல்கள் சந்தித்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"அஞ்சே முக்கா. எலும்பு சின்னது." பிறகு அனுமதி கேட்காமல் டேப்பை எடுத்து என் அக்குளுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினார். "முப்பத்தொண்ணு."

"அது நல்லதுங்களா?"

"நம்ம பட்டியில ஒரு மாசத்துக் கன்னுக்கு வரும்." டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பரவால்ல மாஸ்டர். மலை ஏறி எறங்கினா ரெண்டு வருசத்துல தேறலாம்."

வெள்ளைக்காரத் துரை காலத்தில் வாங்கிய பால்மாடுகள் நாற்பது சொச்சம் அங்கே இருந்தன. அவற்றுக்கு அவர்தான் கங்காணி. தோட்டமே அவரை டேப்புக் கங்காணி என்றது. அவருக்குப் பெயர் இருந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. காரணம் அவருடைய சட்டம் ஒன்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடித்தால் மாட்டின் எடை தெரிந்துவிடும். அதற்கென்று ஒரு பக்கத்தில் அங்குலமும் மறுபக்கத்தில் இறாத்தலும் அச்சடித்த டேப்பு அது. அதை வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே அளந்தார். கோயில் கட்டத் தூண் வந்தால் அளப்பார். கல்யாணத்துக்கு வாழைத்தார் வந்தால் அளப்பார். அழகு, அசிங்கம், நல்லவன், கெட்டவன் என்ற சொற்கள் எதுவும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தவை இரண்டே சொற்கள்: தேறும், தேறாது.

வருடத்தில் ஒருமுறை கன்றுகளைத் தரம் பிரிப்பார். உயரம், நெஞ்சு, இடுப்பெலும்பின் அகலம், நான்கு காம்புகளுக்கும் இடையிலுள்ள தூரம். தேறியதற்கு நீலச் சுண்ணக்கட்டியால் புட்டத்தில் ஒரு கோடு. தேறாததற்குச் சிவப்பு. சிவப்புக்கோடு விழுந்தவை மறுநாள் லொறியில் ஏறி ஹட்டன் பக்கம் போகும். எங்கே என்று கன்றுகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அளந்து முடிக்கும் வரை எந்தக் கன்றுக்கும் பெயர் வைக்கக்கூடாது. இதுதான் அவருடைய சட்டம். பால் கறக்கிற பொம்பிளை ஒருத்தி ஒரு செவலைக் கன்றை வாய் தவறி "லட்சுமி" என்று கூப்பிட்டதற்கு மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

"பேரு வச்சுட்டா கை நடுங்கும் மாஸ்டர். கை நடுங்கினா கால் அங்குலம் கூடும். கால் அங்குலத்துல ஒரு தேறாத மாடு பட்டிக்குள்ள நிக்கும். அது திங்கிற புல்லு தேறின மாட்டோட புல்லு."

இதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. நிறையப் படித்தவன் என்ற நினைப்பில் இருந்தேன். படித்தவனுக்கு இப்படிப்பட்ட பேச்சு தத்துவம் போலக் கேட்கும்.

அந்த நினைப்பில்தான் ஹட்டனில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அவரையும் பெரியவராக அழைத்துக்கொண்டு போனேன். டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். கழற்றித்தான் வந்தார். ஆனால் கண்ணைக் கழற்ற முடியுமா? பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, திரும்பி, உள்ளே போகும் வரை, கதவு நிலையோடு சேர்த்து அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பெண்ணின் தகப்பனார் இரண்டு முறை இருமினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்னாங்க, எப்படி?"

"பொண்ணு தேறும்."

"அப்புறம் ஏங்க முகம் அப்படி இருக்கு?"

"நீங்க தேறமாட்டீங்க மாஸ்டர். அந்தப் பொண்ணு அஞ்சடி நாலு. நீங்க சப்பாத்தோட அஞ்சடி மூணரை."

ஒரு கிழமையில் பெண் வீட்டாரிடமிருந்து அதே முடிவு, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில், தபாலில் வந்தது.

இதையெல்லாம் நான் பலருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்ததை யாருக்கும் சொன்னதில்லை.

அதற்கு முன் பெரட்டுக்களத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் பெரட்டுக்களம். முந்திய காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். வயதை யாரும் கேட்பதில்லை; பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? துரையின் கைத்தடியில் ஒரு வெட்டு இருந்தது. தலை அந்த வெட்டைத் தொட்டால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம், வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் அரிசி. தொடாவிட்டால் அடுத்த வருடம்.

அதனால் தாய்மார் பிள்ளைகளைப் பெரிதாக்கிக் கொண்டுவருவார்கள். கொண்டைக்குள் தேங்காய்ப் பொச்சு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சட்டை. "மூச்சை இழுத்துக்கிட்டு நில்லுடா" என்று ஒரு குத்து. தலைமுறை தலைமுறையாக அந்த லயங்களில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது. அளக்க வருகிறார்கள் என்றால் பெரிதாகத் தெரியவேண்டும்.

அந்தத் தடியைப் பிடித்து அளந்தவர், அப்போது இளவட்டமாக இருந்த நம்முடைய டேப்புக் கங்காணிதான்.

இதை எனக்குச் சொன்னவள் காமாட்சி. மேல்லயத்தில் கொழுந்தெடுக்கிற பெண். மூத்த பையனை என் வகுப்பில் விட வந்தபோது சொன்னாள். அவளும் பன்னிரண்டு வயதில் கொண்டைக்குள் பொச்சு வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவள்தான்.

"மாமாதான் தடிய வச்சாரு. சரியா வெட்டுல முட்டிக்கிச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அப்புறம் உள்ளங்கைய வச்சு தலைய ஒரு அமுக்கு அமுக்கினாரு பாருங்க! 'கொண்டைய அவுரு புள்ள'ன்னாரு. அவுத்தா பொச்சு கீழ விழுது. தொர சிரிக்கிறான், வேல பிரிக்கிற கண்டாக்கு சிரிக்கிறான். எங்கம்மா அங்கனயே ஒக்காந்து அழுதுச்சு."

"கோவமில்லையா அவர் மேல?"

"அவரு டேப்பு புடிச்ச ஆளு. அவருக்கு மாமன் மச்சான் ஏது?" என்று சிரித்தாள். அவர் அவளுக்குச் சொந்த மாமா இல்லை. லயத்தில் வயதில் மூத்தவர்கள் எல்லாரும் மாமாதான்.

பிறகு, எழுபத்துமூன்று எழுபத்துநான்கில், அந்தப் பஞ்சம் வந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விவரித்துப் புரியவைக்க முடியாது. கூப்பன் அரிசி குறைந்தது. கோதுமை மா கிடைக்கவில்லை. வேலை கிழமைக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கு தீர்ந்த பிறகு அதன் இலையைத் தின்றார்கள். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினொன்று உட்கார்ந்திருந்தன. எல்லாம் அமைதியாக இருந்தன. வகுப்பை அடக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்கியிருந்த நான், என் திறமை கூடிவிட்டது என்று இரண்டு நாள் நினைத்தேன்.

அப்போது தோட்டத்துக்குப் பிள்ளைகளுக்கான சத்துமாப் பொட்டலம் வந்தது. முப்பது பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குப் போதும். கூடவே ஒரு கடிதம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேற்கையைச் சுற்றி அளக்கவேண்டும். ஐந்தரை அங்குலத்துக்குக் குறைந்த கைகளுக்குத்தான் மா. டிஸ்பென்சரி ஐயா இந்தியாவுக்குப் போய் அந்த இடம் காலியாகக் கிடந்தது. டேப்பு பிடிக்கத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒருவர்தான். எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய துரை எங்கள் இருவரையும் கந்தோருக்கு அழைத்துச் சொன்னார். எதற்கு அளக்கிறோம் என்று முன்னாடியே சொல்லக்கூடாது, சொன்னால் அடிபிடியாகிவிடும். இன்னொன்று, முப்பதைத் தாண்டக்கூடாது. முப்பதுக்கு மேலே எழுதினால் தோட்டத்துக்குக் கெட்ட பேர்.

டேப்புக் கங்காணி முதல் பாதிக்கு மட்டும் தலையாட்டினார். வெளியில் வந்ததும் சொன்னார்: "சொல்லக்கூடாதுங்கறது சரிதான். சொன்னா ரெண்டு நாள் பட்டினி போட்டுக் கொண்டாந்துருவாங்க. ஆனா முப்பதுன்னு எப்படிச் சொல்றது? கை என்னா சொல்லுதோ அதுதானே?"

டேப்பில் ஐந்தரை அங்குலத்தில் ஒரு சிவப்பு மைக்கோடு போட்டோம். போட்டது நான். பேரேட்டில் பேர் எழுத வேண்டாம், நம்பர் போடுங்கள் என்றார் அவர். அது அவருடைய சட்டம்.

பெரட்டில் "நாளைக்குச் சின்னப் புள்ளைங்கள அளக்கப் போறாங்க" என்று மட்டும் அறிவித்தார்கள். சாயங்காலத்துக்குள் லயத்தில் மூன்று கதை ஓடியது. இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு முதலில் அனுப்ப ஆட்களைப் பொறுக்குகிறார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் நல்ல பிள்ளைகளுக்கு மட்டும் இனிச் சோறு. பின்னால் செக்ரோலில் பேர் பதிய இப்போதே குறித்து வைக்கிறார்கள். மூன்று கதைக்கும் பொருள் ஒன்றுதான். தேறின பிள்ளைக்குத்தான் வாழ்வு.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பரா வாசலில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் நின்றன. எல்லாம் குண்டாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகச் சட்டை, அண்ணனுடைய சுவெட்டர், அதற்கும் கீழே கிழிந்த கம்பளித் துண்டு சுற்றிய கை. வற்றிய முகங்கள் மட்டும் அந்த மூட்டைகளுக்கு மேலே செருகி வைத்தது போல இருந்தன. எண்ணெய் இல்லாத வீடுகளில் எங்கிருந்தோ ஒரு சொட்டு தேடி அந்த முகங்களில் பூசியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "சட்டைய அவுரும்மா" என்றார் முதல் தாயிடம். அவள் முகம் செத்துப்போனது. அவிழ்த்தாள். நான்கே முக்கால். இரண்டாவது பிள்ளை, "சட்டைய அவுரும்மா". ஐந்து. ஒவ்வொரு தாயும் கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அவிழ்த்தாள், அழுதாள். "கொஞ்சம் பாத்து புடிங்க கங்காணி, நேத்து வயித்தால போச்சு, அதான் எளைச்சிருக்கான்" என்று ஒருத்தி கெஞ்சினாள். அவர் "தேறல" என்றார். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு போனாள். அவளுக்குத்தான் மா கிடைக்கப் போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

முப்பத்தெட்டாவது பிள்ளையை எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன்.

"முப்பது ஆயிருச்சுங்க" என்றேன் மெதுவாக.

அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார். இன்னும் பதினான்கு மூட்டைகள். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"என்னா செய்யலாம் மாஸ்டர்?"

"துரை முப்பதுன்னுதானே சொன்னாரு" என்றேன்.

பொய் எழுத எங்கள் இருவருக்கும் மனம் வராது. அதனால் பொய்யாக அளந்தோம். முப்பத்தொன்பதாவது பிள்ளையிடம் அவர் சட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. சட்டைக்கு மேலேயே டேப்பைச் சுற்றினார். ஆறரை. நான் ஆறரை என்று எழுதினேன். டேப்பு சொன்னது அதுதான்.

நாற்பத்தொன்றாவதாகக் காமாட்சி வந்தாள், இடுப்பில் மூன்று வயதுப் பெண் பிள்ளையோடு. பிள்ளைக்கு அவளுடைய பழைய ஜாக்கெட்டை மடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். உள்ளே இன்னும் இரண்டு. அவர் டேப்பைச் சுற்றினார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுரு" என்ற சொல் எந்த நிமிடமும் வரும் என்று அவள் தோள்கள் இறுகிக் கிடந்தது எனக்குத் தெரிந்தது.

"ஆறே முக்கா" என்றார்.

"தேறிருச்சுங்களா மாமா?"

அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. "தேறிருச்சும்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கும் கேட்டது.

"இந்தத் தடவ அவுக்கச் சொல்லல. பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டீங்க. நீங்க நல்லாருக்கணும் மாமா."

அடுத்த கிழமை பொட்டலம் கொடுத்தோம். நம்பரை வாசித்தது நான். காமாட்சியும் ஒரு சீலைப் பையோடு வந்து வரிசையில் நின்றாள்.

"நாப்பத்தொண்ணு இதுல இல்லம்மா."

"தேறிருச்சுன்னு சொன்னாருங்களே."

"இது தேறாத புள்ளைங்களுக்கு. எளைச்ச கைக்குத்தான் மா."

அவள் கையிலிருந்த பையை மடித்தாள். பிறகு கோபமில்லாமல், கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்: "அத அன்னைக்கே சொல்லியிருந்தா அவுத்திருப்பேனே மாஸ்டர்?"

"அடுத்த தடவ பாப்போம்" என்றேன். கந்தோர்களில் இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். சொன்னது அன்றுதான் முதல் தடவை. சுலபமாகத்தான் வந்தது.

பக்கத்துக் காம்பராக்காரி தன் பங்கில் ஒரு பிடி மா கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். மூன்று கிழமையில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. இரண்டு நாள்.

தோட்டத்தில் சின்னப் பிள்ளை போனால் தேயிலைப் பெட்டிப் பலகையில்தான் பெட்டி செய்வார்கள். தச்சருக்கு அளவு வேண்டும். அளவு என்றால் டேப்புக் கங்காணி. ஆள் விட்டு அழைத்தார்கள். அவர் வருகிறபோது என் வீட்டைக் கடந்துதான் வந்தார். நின்று, "நீங்களும் வாங்க மாஸ்டர்" என்றார்.

காமாட்சியின் காம்பராவில் பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்தார். தச்சரிடம் எண்ணைச் சொன்னார். எழுந்திருக்கப் போனார்.

"இருங்க மாமா" என்றாள் காமாட்சி.

பிள்ளையின் சட்டையை அவிழ்த்தாள். நிதானமாக, குளிப்பாட்டத் தூக்குகிறவள் போல, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தாள்.

"இப்ப துணியில்ல. இப்ப அளங்க."

அவர் அளந்தார். நான் போட்ட சிவப்புக்கோடு கைக்கு அப்பால் வெகுதூரத்தில் தொங்கியது.

"நாலே கால்."

"அப்ப தேறலதானே மாமா?"

"தேறலம்மா."

அவள் தலையாட்டினாள். கையைத் திரும்பச் சட்டைக்குள் விட்டாள்.

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "பேரென்னம்மா?"

"பவளம்."

அந்த வருடம் பட்டியில் பிறந்த கன்றுகள் அனைத்துக்கும் அவர் பிறந்த அன்றைக்கே பெயர் வைத்தார். தரம் பிரிக்கிற நாளில் அவர் கையில் சுண்ணக்கட்டி இல்லை. துரை வந்து கத்தினார். "எல்லாம் தேறும்ங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாராம். இதனால் ஏதாவது ஒரு கன்று பிழைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட கையோடு பட்டியையே மூடினார்கள். இரண்டு லொறி வந்தது. யாரும் எதையும் அளக்கவில்லை. தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஹட்டன் ஸ்டேஷனில். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களின் கூட்டம். கட்டிப்பிடித்து அழுகிறவர்களுக்கு நடுவில் ஒரு பெட்டிமேல் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் அப்போது வேறு பாடசாலைக்கு மாறி, கல்யாணமாகி, ஒரு தொந்தியும் வைத்திருந்தேன். கழுத்தைப் பார்த்தேன். டேப்பு இல்லை.

"பாஸ்போட்டுக்கு ஒசரம் கேட்டான் மாஸ்டர். தெரியாதுன்னுட்டேன்."

"உங்களுக்கா தெரியாது?"

"அவனே பாத்து ஏதோ போட்டுக்கிட்டான்."

காமாட்சி போன வருடமே இந்தியாவில் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார். மூத்த பையன் நல்ல உயரமாம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரயில் வரும் சத்தம் கேட்டது. எழுந்தார். விடைபெறத்தான் கை நீட்டுகிறார் என்று நினைத்தேன். பழைய மாதிரியே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் மணிக்கட்டை வளைத்துப் பிடித்தார். இந்தத் தடவை விரல்கள் சந்திக்கவில்லை. நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன்.

கையை விட்டுவிட்டார்.

"என்னாங்க, சொல்லாம விட்டுட்டீங்க?"

"சுவெட்டர் போட்டிருக்கீங்க மாஸ்டர். துணிக்கு மேல புடிச்சா சொல்லக்கூடாது."

அவிழ்க்கச் சொல்லுவார் என்று நின்றேன். சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.